உங்களுக்குத் தெரியுமா? – நொடியில் மறைவதைப் பிடிக்கும் பொறி

● நம் செல்லுக்குள் உருவாகும் ஹைட்ராக்சில் ரேடிக்கலின் ஆயுள், ஏறத்தாழ ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. அதற்குள் அது சில நானோமீட்டர்தான் நகரும். கொழுப்போ, புரதமோ, டி.என்.ஏ.வோ, பக்கத்தில் இருப்பதைத் தாக்கிவிட்டுத் தானும் இல்லாமல் போகும்.

● ஜோடியில்லாத எலக்ட்ரான்தான் ரேடிக்கலின் அடையாளம். காந்தப்புலத்தில் வைத்து மைக்ரோவேவ் பாய்ச்சினால் அந்த எலக்ட்ரான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இந்த இ.பி.ஆர். முறையை 1944-இல் ரஷ்யாவின் கஸான் நகரில் கண்டறிந்தவர் எவ்கெனி ஸவோய்ஸ்கி.

● புதுச்சேரி காலாப்பட்டில் உள்ள பல்கலைக்கழக வேதியியல் துறையிலும் இ.பி.ஆர். ஆய்வு நடந்திருக்கிறது. அங்கே ஆராயப்பட்டவை, தாமிரம், வனேடியம் போன்ற உலோக அயனிகளைச் சிறிதளவு கலந்து வளர்த்த படிகங்கள். படிகத்துக்குள் அயனி அசையாமல் இருக்கும், நிதானமாக அளக்கலாம். செல்லுக்குள் ஓடும் ரேடிக்கலிடம் அது நடக்காது.

● அதற்குத்தான் ‘ஸ்பின் டிராப்பிங்’. எலிப்பொறி மாதிரி ஒரு மூலக்கூறை முன்கூட்டியே கலந்து வைத்துவிடுவார்கள். ரேடிக்கல் அதில் ஒட்டிக்கொண்டதும், நிமிடக்கணக்கில் தாங்கும் புது ரேடிக்கல் ஒன்று கிடைக்கும். 1960-களின் கடைசியில் இந்த முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் எட்வர்ட் ஜான்ஸன்.

● டி.எம்.பி.ஓ. என்ற பொறியில் ஹைட்ராக்சில் சிக்கினால், திரையில் நான்கு கோடுகள் எழும். ஓரத்தில் இரண்டும் குட்டை, நடுவில் இரண்டும் அவற்றைப் போல இரு மடங்கு உயரம். இத்துறையினர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள்.

● தண்ணீர் மைக்ரோவேவை விழுங்கிவிடும். உயிர்ப்பொருளோ பெரும்பாலும் தண்ணீர்தான். அதனால் மாதிரியைத் தட்டையான குவார்ட்ஸ் கலத்திலோ, மெல்லிய நுண்குழாயிலோதான் வைக்கிறார்கள்.

● பொறியும் பொய் சொல்லும்! டி.எம்.பி.ஓ.வில் சூப்பர்ஆக்சைடு என்ற இன்னொரு ரேடிக்கல் சிக்கினால், சற்று நேரத்தில் அது சிதைந்து, ஹைட்ராக்சில் சிக்கியது போலவே நான்கு கோடு காட்டும். சூப்பர்ஆக்சைடை மட்டும் அழிக்கும் எஸ்.ஓ.டி. நொதியைச் சேர்த்து இன்னொரு முறை பார்ப்பார்கள். கோடுகள் மறைந்தால், ஆரம்பத்தில் இருந்தது சூப்பர்ஆக்சைடுதான்.

● இந்தக் குறைக்கு மாற்று பிரான்ஸிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் புதுச்சேரிக்காரர்கள் கப்பலில் போய் இறங்கிய மார்செய் நகரில், 1990-களின் நடுவில் உருவானது டெப்எம்பிஓ என்ற பொறி. இதில் சிக்கிய சூப்பர்ஆக்சைடு பல மடங்கு நேரம் நிலைக்கிறது.

● உயிரியலில் ஸ்பின் டிராப்பிங் முறையை வேரூன்றச் செய்தவர்களில் ஒருவர் பாலராமன் கல்யாணராமன். அமெரிக்காவின் மில்வாக்கியில் உள்ள விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர். சென்னை ஐ.ஐ.டி.யில் பணியாற்றிய சங்கரன் சுப்பிரமணியன், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் இ.பி.ஆரை உயிருள்ள எலியைப் படமெடுக்கும் கருவியாக வளர்த்தவர்களில் ஒருவர். அதற்குக் குறைந்த அதிர்வெண் அலைகள். அவை திசுவுக்குள் ஆழமாகப் போகும்.

● புதுச்சேரி என்றதும் பலருக்கு நினைவு வருவது பீர். அது எத்தனை நாள் சுவை கெடாமல் இருக்கும் என்று பார்க்கவும் இதே ஸ்பின் டிராப்பிங் முறைதான். பொறி கலந்த பீரை 60 டிகிரி செல்சியஸில் சூடாக்குவார்கள். ரேடிக்கல் தென்படத் தாமதமானால், அந்த பீர் அதிக நாள் தாங்கும்.

● ‘ரேடிக்கலை ஒழிக்கும்’ என்று பழரசத்துக்கும் மாத்திரைக்கும் விளம்பரம் வருகிறது. சோதனைக் குழாயில் கோடு மறைவது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் குழாயில் ஊற்றிய அளவு, குடித்தபின் செல்லுக்குள் போய்ச் சேருவதில்லை.