மண்வெட்டி பிடிப்பவர்களே முதல் சாட்சி

கண்மாய் மராமத்து, வரத்து வாரி வெட்டு, தென்னங்குழி என்று எந்த மண் வேலையானாலும் மண்வெட்டி பிடிப்பவர்கள் நாம்தான். தாழியின் விளிம்பு முதலில் தட்டுப்படுவதும் நமக்குத்தான். ‘வேலை நின்னுடும், மூடு’ என்ற அதட்டலும் நமக்குப் பழகியதே.

புதுக்கோட்டையை அடுத்த பொற்பனைக்கோட்டையில் 2021-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023-ல் மாநிலத் தொல்லியல் துறையும் அகழாய்வு செய்தன. 2023-ல் தங்க மூக்குத்தி, எலும்பு முனைக் கருவி, சூதுபவள மணி எல்லாம் வெளிவந்தன. அதில் சேரிக்காரருக்கு என்ன இருக்கிறது என்று நம் மாணவர்கள் கேட்கலாம்.

தஞ்சைப் பெரிய கோயிலின் ராஜராஜன் காலக் கல்வெட்டுகளில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற சொற்கள் வருகின்றன. எங்கே? வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில், சுடுகாட்டோடு சேர்த்து. அங்கே குடியிருந்தவர் என்ன உண்டார், என்ன அணிந்தார் என்பது அதில் இல்லை. கல்லில் பெயர் வெட்ட வழியில்லாதவர்களுக்கு அடுப்புச் சாம்பலும் உடைந்த பானையும்தான் பதிவேடு. அது மண்ணுக்குள் கிடக்கிறது.

அந்த மண்ணுக்குத்தான் இப்போது ஆபத்து. ஈரம் மாறாமல் கிடந்தால் பானை ஆயிரம் ஆண்டும் தாங்கும். கடும் வறட்சியும் திடீர்ப் பெருமழையும் மாறி மாறி வந்தால், மண்ணின் உப்பு பானைக்குள் ஊறி, காயும்போது படிகமாகி, அதைச் செதில் செதிலாக உரித்துவிடும். இரும்பு துருவேறும். மழைநீர் மேட்டை அறுத்துத் தாழியை வெளியே தள்ளும். 2018 நவம்பர் 16-ல் கஜா அடித்தபோது கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தோம். பழைய மேட்டில் அப்படி ஒரு மரம் சாய்ந்தால் வேரோடு மண்ணடுக்கும் புரண்டுவிடும். எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்ல ஆய்வாளர்களுக்கு அந்த அடுக்குதான் ஆதாரம். தெற்காசியாவில் கனமழை இன்னும் கூடும் என்கிறது ஐ.நா.வின் காலநிலைக் குழு. (தைல மரத்துக்காக மேடுகளை இயந்திரத்தால் உழுவதற்கு மழையைக் குறை சொல்ல முடியாது, அது நம் காலத்து வேலை.)

ஓடோ தாழியோ தென்பட்டால் பிடுங்க வேண்டாம். கிடந்தபடியே படம் எடுத்து, மண்ணால் மூடி, கிராம நிர்வாக அலுவலருக்கும் ஆட்சியருக்கும் எழுதிக் கொடுங்கள். நகல் உங்களிடம் இருக்கட்டும்.

1878-ம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. இதை எல்லோரும் சொல்லிப் பயமுறுத்துவார்கள். அதே சட்டத்தில் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. புதைத்தவர் யாரென்று தெரியாமல், நிலத்துக்காரரோடு தனி ஒப்பந்தமும் இல்லையென்றால், முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்குதான் நிலத்துக்காரருக்கு. அரசே எடுத்துக்கொண்டால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும்.

அக்டோபர் 2 கிராம சபையில் உங்கள் ஊர்த் தாழி மேட்டின் சர்வே எண்ணைச் சொல்லித் தீர்மானம் கேளுங்கள்: அறுத்த இடத்தில் கல் அணை, சரிவில் புல், தூர்வாரும் இயந்திரம் ஏறத் தடை. வடகிழக்குப் பருவமழை அந்த மாதமே தொடங்கிவிடும்.