ஆக்ஸ்போர்டில் ஒரு கல்லறை

மக்களைக் காண இங்கிலாந்து செல்லும் அன்பர்கள் இலண்டனோடு திரும்பிவிட வேண்டா. பாடிங்டன் நிலையத்தில் இரயிலேறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் ஆக்ஸ்போர்டை அடையலாம். 1602-இல் திறக்கப்பெற்ற பாட்லியன் நூலகத்தையும், 1683-இல் தோன்றிய ஆஷ்மோலியன் காட்சிச்சாலையையும் முதலிற் காண்க; பின்னதற்கு நுழைவுக் கட்டணம் இல்லை. கல்லூரிகளுட் சில, தேர்வுக் காலத்தில் பார்வையாளரை அனுமதிப்பதில்லை. முன்னரே விசாரித்துச் செல்லுதல் நன்று. கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் பெருமணி இரவு 9.05-க்கு 101 முறை ஒலிக்கும். பழைய ஆக்ஸ்போர்டு நேரப்படி அதுவே ஒன்பது மணி.

ஆயினும் தமிழராகிய நாம் தவறாது காணவேண்டிய இடம், வால்ட்டன் தெருவிலுள்ள செபல்கர் இடுகாடு. திருக்குறளை 1886-லும் திருவாசகத்தை 1900-லும் ஆங்கிலத்தில் அளித்து, அப்பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த ஜி. யு. போப், 1908-இல் மறைந்து அங்கே அடங்கியுள்ளார். 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' எனக் கல்லிற் பொறித்திருப்பதாக மேடைதோறும் கேட்டிருக்கிறோம். அத்தொடர் அங்கு இல்லை. அவர்தம் குடும்பத்தாரும் தென்னாட்டுத் தமிழ் அன்பர்களும் சேர்ந்து நாட்டிய கல் அது என்பதே அங்குள்ள செய்தி. நம் முன்னோர் கடல் கடந்து செலுத்திய அந்நன்றி, கட்டுக்கதையினும் பெருமை உடையது. நம் பிள்ளைகளுக்கு உள்ளதையே உரைப்போம்.