தூங்கப் போகும் முன் ஒரு படக்கதை



பகலெல்லாம் மலையில் கொழுந்து எடுத்து, வீட்டு வேலையும் முடித்துப் பாயில் சாயும் நேரத்தில்தான் பிள்ளை ‘அம்மா, ஒரு கதை சொல்லுங்க’ என்று கேட்கும். அந்த அசதியில் ‘பேசாமப் படு’ என்றுதான் வாயில் வரும். ஆனால் அந்தப் பத்து நிமிடம் பிள்ளையின் படிப்புக்குப் போடும் அத்திவாரம்.

ஐந்து வயது முடிந்ததும் பிள்ளை முதலாம் வகுப்புக்குப் போகிறது. அங்கே ஆசிரியர் சொல்வதைக் கவனிக்க வேண்டும், கேட்டால் வாய்திறந்து பதில் சொல்ல வேண்டும். வீட்டில் கதை பேசிப் பழகிய பிள்ளைக்கு இதில் பயம் இருக்காது. சும்மா கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையைவிட, இடையிடையே பதில் சொல்லும் பிள்ளை புதிய சொற்களைக் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும்.

ஓர் உதாரணம்

நமது நாட்டுச் சித்திரக்காரர் சிபில் வெத்தசிங்க 1956இல் சிங்களத்தில் எழுதி, படமும் வரைந்த ‘குடைத் திருடன்’ கதையை எடுத்துக்கொள்வோம். 2020இல் காலமான இவரது இந்தக் கதை, பல மொழிகளில் வந்துள்ளது. குடையே இல்லாத ஊரில் இருக்கும் கிரி மாமா, பட்டணத்தில் குடை வாங்கி வருகிறார். வழியில் கோப்பிக் கடைக்குள் போய் வருவதற்குள் குடையைக் காணோம்! மறுபடி வாங்குகிறார், மறுபடியும் போய்விடுகிறது. கடைசியில் குடைக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டு வைக்கிறார். சிந்திய துண்டுகளைப் பார்த்துப் போனால், காட்டு மரத்தில் குடைகள் தொங்குகின்றன. திருடியது ஒரு குரங்கு!

எப்படிப் பேசுவது?

முதலில் அட்டைப் படத்தைக் காட்டி ‘இது என்ன கதையா இருக்கும்?’ என்று கேளுங்கள். குடை காணாமல் போனதும் நிறுத்தி, ‘யாரு எடுத்திருப்பா?’ என்று கேளுங்கள். பிள்ளை என்ன சொன்னாலும் ‘பிழை’ என்று அடக்க வேண்டாம். ‘ஏன் அப்படி நினைக்கிற?’ என்று கேட்டால் இன்னும் பேசும். முடிவில், ‘குரங்குக்கு ஒரு குடை குடுக்கலாமா?’, ‘மழையில நம்ம அம்மா மலைக்கு எதைப் போட்டுக்கிட்டுப் போறாங்க?’ என்று கேட்டுப் பாருங்கள்.

‘எங்களுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாதே’ என்று சில தாய்மார் சொல்வதுண்டு. கவலை வேண்டாம். படத்தைப் பார்த்து நம்ம பேச்சிலேயே சொல்லலாம். அப்பாயி, தாத்தாவும் சொல்லலாம்.

கைவேலை

ஞாயிற்றுக்கிழமை பழைய கலண்டர் கடதாசியில் தட்டை வைத்து வட்டம் கீறி வெட்டுங்கள். ஓரத்திலிருந்து நடு வரைக்கும் ஒரு வெட்டு. வெட்டிய இரு ஓரங்களையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஒட்டினால் குடை. நடுவில் ஒரு குச்சியைச் செருகினால் பிடி. கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் பசை. குடையை ஒளித்து வைத்து, அதுவரைக்கும் கடதாசித் துண்டுகளைப் போட்டுப் பிள்ளையைத் தேடவிடுங்கள். வெட்டுவதைப் பெரியவர்கள் செய்யுங்கள். கைக்குழந்தை துண்டுகளை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று இரவு, குடையைக் கையில் கொடுத்து, கதையைப் பிள்ளையே சொல்லட்டும். நீங்கள் கேளுங்கள்.

புத்தகம் இல்லாவிட்டால் பிள்ளைக் காம்பராவிலோ பாடசாலையிலோ கேட்டுப் பாருங்கள். ஒரே புத்தகத்தைப் பத்து நாள் சொன்னாலும் பிள்ளைக்கு அலுக்காது. இன்று இரவே தொடங்குவோம்!