கேத்திலில் படியும் வெள்ளையும் சிறுநீரகக் கல்லும்

"எங்கட கிணத்துத் தண்ணி கல்லுத் தண்ணி டொக்டர், அதால அளவாத்தான் குடிக்கிறனான்." வலிகாமத்திலிருந்து இடுப்பு வலியோடு வருபவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் வசனம் இது. பலருக்கு நோயைக் கொண்டுவந்ததே அந்த 'அளவாக'த்தான்.

தண்ணீரில் இருப்பது என்ன?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் சுண்ணக்கல். 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்ததும் இந்தக் கல்லை நம்பித்தான். மழைநீர் அதைக் கரைத்தபடியே கிணற்றுக்கு வருகிறது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளை, கொதிக்கும்போது பிரியும் கல்சியம். அது சிறுநீரகத்திலும் அப்படியே படியும் என்பது வெறும் பயம். தண்ணீரின் கடினத்தன்மைக்கு உடல்நலம் கருதிய எல்லை எதையும் உலக சுகாதார நிறுவனம் விதிக்கவில்லை.

பெரும்பாலான கற்கள் கல்சியம் ஒக்சலேற்றால் ஆனவை. உணவோடு சேரும் கல்சியம் குடலிலேயே ஒக்சலேற்றைப் பிடித்து வெளியேற்றுகிறது. ஆகவே கல்லுக்குப் பயந்து பாலையும் தயிரையும் நிறுத்துவது தலைகீழான வைத்தியம். குறைக்க வேண்டியது உப்பை, கருவாட்டை, அளவுக்கு மிஞ்சிய இறைச்சியை.

கை வைத்தியம்

வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கசாயம், பியர்! சிறிய கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். பெயர் மட்டும் கசாயத்துக்குப் போய்விடுகிறது. பெரிய கல்லை எந்தச் சாறும் கரைக்காது. பியர் சிறுநீரைக் கூட்டும் என்று குடிப்பவருக்குக் கிடைப்பது மதுவின் கெடுதி.

இவற்றைவிட எனக்கு அச்சம் தருவது பாமசியில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை. ஒரு முறை துண்டு எழுதிக் கொடுத்ததை வருடக்கணக்காகக் காட்டி வாங்குகிறார்கள். அடைபட்ட சிறுநீரகத்துக்கு அந்த மாத்திரை இன்னொரு அடி. அதோடு, அடைப்பு இருக்கும்போதே வலி தணிந்துவிடுவதும் உண்டு. "சுகமாகிவிட்டது" என்று வீட்டில் இருந்தவர்கள் மாதங்கள் கழித்து வரும்போது ஒரு பக்கச் சிறுநீரகம் வேலை செய்வதை நிறுத்தியிருக்கும். எத்தனை தரம் சொல்வது? வலி போனது கல் போனதற்கு அத்தாட்சி அல்ல. சிறுநீர்ப் பரிசோதனையும் ஒரு ஸ்கானும் எடுத்தால் தெரிந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாதது

வெள்ளைப் படிவுக்குப் பயப்படும் நாம் நைத்திரேற்றை மறந்துவிடுகிறோம். வெங்காயம், புகையிலைத் தோட்டங்களுக்குப் போடும் யூரியாவும் மலக்குழிக் கசிவும் சுண்ணக்கல் வெடிப்புகள் வழியே கிணற்றை அடைகின்றன. நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று உள்ள தண்ணீரில் கரைத்த பால்மா, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்வதையே தடுக்கக்கூடும். தாய்மாரே, தாய்ப்பால் கொடுங்கள். முடியாதவர்கள் தோட்டத்தருகுக் கிணற்று நீரைப் பரிசோதிக்காமல் பால்மா கரைக்க வேண்டாம்.

தயவுசெய்து குடியுங்கள்

நாளுக்கு இரண்டு லீற்றருக்குக் குறையாமல் சிறுநீர் போக வேண்டும். தோட்டத்தில் வெயிலில் நிற்பவர்கள் மூன்று லீற்றருக்கு மேலும் குடிக்க வேண்டிவரும். இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மட்டும் வைத்தியரிடம் அளவு கேளுங்கள். ருசி பிடிக்கவில்லையா? கொதிக்க வைத்து ஆற்றி, தெளிந்ததை இறுத்து, தேசிக்காய் பிழிந்து குடியுங்கள். தேசிப்புளி கல் உருவாவதைத் தடுக்கவும் உதவும். பள்ளிக்கூடத்தில் கழிவறைக்குப் போகக் கூச்சப்பட்டுத் தண்ணீரைத் தவிர்க்கும் பெண்பிள்ளைகளை, அம்மாமாரே, கவனியுங்கள்.

இடுப்பு வலியோடு காய்ச்சலும் நடுக்கமும் வந்தால், அல்லது சிறுநீர் நின்றுபோனால், கசாயம் காய்ச்சிக்கொண்டிருக்காதீர்கள். நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.