பரணுக்குப் போகவிருந்த குரல்

உங்கள் வீட்டுப் பரணிலோ, மாடிப்படிக்கு அடியிலோ பழைய ஸ்பீக்கர் பெட்டி ஒன்று தூசி படிந்து கிடக்கிறதா? "பழைய சாமான்காரன் வரட்டும், போட்டுவிடலாம்" என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள், சகோதரி! இதைப் படித்துவிட்டுப் பிறகு தீர்மானம் செய்யுங்கள்.

காட்டாங்குளத்தூர் ரயில் நிலையத்துக்குச் சமீபத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அக்கம்பக்கத்தாருக்கு அவர் 'டீச்சரம்மா'. கணவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. அவர் ஆசையோடு வாங்கிய ஸ்டீரியோ செட்டும், எட்டு அங்குல ஸ்பீக்கர் வைத்த இரண்டு மரப்பெட்டிகளும் கூடத்தில் இருந்தன. கூடவே ஒரு காஸெட். 1986-ல் மகள் பாட்டுப் பயிற்சி செய்தபோது பதிவு செய்தது. நடுவில் ஓரிடத்தில் தகப்பனாரின் குரல்: "இன்னொரு தரம் பாடும்மா, அவசரமில்லை." டீச்சரம்மாவுக்குப் பாட்டைவிட அந்த நாலு வார்த்தைதான் பெரிது.

ஒரு நாள் காஸெட்டைப் போட்டார். பாட்டு ஏதோ கேட்டது. கணவர் பேசும் இடம் வந்ததும் ஒரே கரகரப்பு! தகரத்தைச் சுரண்டுவது போல இருந்ததாம். பழுது பார்க்க வந்தவர், "இதெல்லாம் பழசும்மா. தூக்கிப் போட்டுட்டுப் புதுசா வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கல்லூரியில் படிக்கும் பேரன்தான் முன்பக்கத் துணியைக் கழற்றிப் பார்த்தான். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம். விரலால் தொட்டதும் கரியாக ஒட்டிக்கொண்டு உதிர்ந்தது. "பாட்டி, ஸ்பீக்கர் கெடலே. இந்த ஓரம்தான் மக்கிப் போச்சு!" என்றான்.

அது என்ன ஓரம்? ஸ்பீக்கருக்குள் ஒரு காந்தம். அதன் இடுக்கில் ஒரு கம்பிச் சுருள். சுருளில் மின்சாரம் பாயும்போது அது முன்னும் பின்னும் அசைகிறது. அதோடு ஒட்டிய காகிதக் கூம்பும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. அதுவே நம் காதில் பாட்டாகக் கேட்கிறது. 1925-ல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் விவரித்த முறை இது. இன்றைக்கும் அடிப்படை அதேதான். கூம்பின் விளிம்பை இரும்புச் சட்டத்தோடு இணைத்து, அசையவும் விட்டு, ஆடாமலும் பிடித்துக்கொள்வதுதான் அந்த வளையம். கடைக்காரர்கள் 'சரவுண்ட்' என்பார்கள்.

பாட்டி காலத்து வால்வு ரேடியோக்களில் பெரும்பாலும் கூம்பின் காகிதமே விளிம்பில் மடிப்பு மடிப்பாக இருக்கும். 1954-ல் எட்கர் வில்சூர் என்பவர், இறுக மூடிய சிறிய பெட்டிக்குள் இருக்கும் காற்றையே ஸ்பிரிங் போலப் பயன்படுத்தும் ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். அதற்கு ஓரம் மிக மிருதுவாக இருக்க வேண்டும். பிற்பாடு 1970-களில் பாலியூரிதேன் என்னும் ஸ்பாஞ்சு வளையங்கள் பரவலாயின. இழைந்து கொடுத்தன, ஆயுள்தான் குறைச்சல். காற்றின் ஈரமும், ஓசோனும், வெயிலும் சேர்ந்து பதினைந்து இருபது வருஷத்தில் அரித்துவிடும். சென்னைப் பக்கத்துப் புழுக்கத்தைச் சொல்லவா வேண்டும்? கனத்த குரலுக்குக் கூம்பு அதிக தூரம் ஆட வேண்டும். ஓரம் கிழிந்தால் முதலில் கெடுவது அதனால் அந்தக் குரல்தான்.

பேரன் மின்சார ரயிலேறி எழும்பூரில் இறங்கி, அண்ணா சாலைப் பக்கம் உள்ள ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு ஜோடி வளையம் வாங்கி வந்தான். ஆனால் இளரத்தம் பாருங்கள்! நொடியில் ஒட்டும் பசையைத் தடவி அமுக்கிவிட்டான். கூம்பு ஒரு மயிரிழை கோணிக்கொண்டது. சுருள் காந்தத்தில் உராய்ந்து முன்னைவிட மோசமான சத்தம். டீச்சரம்மா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை என்று பேரனே நம்மிடம் சொன்னான்.

மறு வாரம் இன்னொரு ஜோடி வந்தது. இந்தத் தடவை நிதானமாகச் செய்தார்கள். நீங்களும் செய்யலாம்:

1. ஸ்பீக்கரைக் கழற்றுமுன் எந்தக் கம்பி எந்த முனையில் என்று குறித்துக்கொள்ளுங்கள். மாறினால் இரண்டு பெட்டிகளும் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்து, கனத்த ஒலி மங்கிவிடும்.

2. 'எட்டு அங்குலம்' என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். கூம்பின் விட்டம், சட்டத்தின் விட்டம் இரண்டையும் அளந்து செல்லுங்கள். பழையதைப் போல மிருதுவாகவும் இருக்க வேண்டும்.

3. பழைய ஸ்பாஞ்சையும் பசையையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் மெல்லத் துடைத்தெடுங்கள். காகிதம் ஊறக்கூடாது.

4. முதலில் கூம்பில் மட்டும் ஒட்டுங்கள். ஸ்பாஞ்சுக்கு வெள்ளைப் பசை போதும். நன்றாகக் காயட்டும்.

5. பிறகு சட்டத்தில் ஒட்டுங்கள். பசை காயுமுன் கூம்பை இரு கட்டைவிரலாலும் சமமாக, மெதுவாக அமுக்கிக் காதை வைத்துக் கேளுங்கள். உராயும் சத்தம் இருந்தால் வளையத்தைச் சற்று நகர்த்துங்கள். சத்தம் அடியோடு நின்ற இடமே சரியான இடம். அப்படியே ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

டீச்சரம்மாவின் காதுதான் அன்று உதவியது. "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்டா... ஆங், இப்போ சத்தமில்லே" என்று அவர் சொல்லச் சொல்லப் பேரன் நகர்த்தினான். மறுநாள் மாலைவரை யாரும் அந்தப் பெட்டியைத் தொடக்கூடாதென்று காவலும் இருந்தார்.

நாம் போயிருந்தபோது அந்தக் காஸெட்டைப் போட்டுக் காட்டினார்கள். சிறுமி பாடினாள். எங்கோ பிசிறியது. உடனே, பக்கத்து நாற்காலியில் இருந்து பேசுவது போல ஒரு கனத்த குரல்: "இன்னொரு தரம் பாடும்மா, அவசரமில்லை."

டீச்சரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அவருக்கு எப்பவுமே அவசரம் கிடையாதுங்க. இவனுக்குத்தான் அதைக் கத்துக்க ஒரு ஜோடி வளையம் செலவாச்சு!"