வீட்டில் ஒரு சிஎன்சி மரச்செதுக்கு மெஷின்: காசு எங்கே வருகிறது, எங்கே போகிறது?

இன்ஸ்டாகிராமில் அந்த ரீல்ஸ் அடிக்கடி கண்ணில் படும். ஒரு தேக்குப் பலகை, அதன் மேல் சுழலும் மெல்லிய பிட். முப்பது நொடியில் பிள்ளையார் முகம் பலகையிலிருந்து எழுந்து வந்துவிடும். கீழே கமென்ட்டில் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: 'புரோ, மெஷின் என்ன விலை?' அந்தப் பிள்ளையாருக்கு மெஷின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று யாரும் கேட்பதில்லை. வீட்டில் மெஷின் வைத்துச் சம்பாதிக்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

சிஎன்சி என்பது கணினி சொல்கிறபடி நகரும் வெட்டும் கருவி. டிசைனை கணினியில் வரைந்து 'ஜி-கோட்' எனும் கட்டளை வரிகளாக மாற்றிக் கொடுத்தால், மோட்டார்கள் பிட்டை இட வலமாக, முன் பின்னாக, மேல் கீழாக நகர்த்திச் செதுக்கும். 3டி பிரிண்டர் பொருளை அடுக்கி அடுக்கிக் கட்டும், இது வேண்டாததைச் சீவி எடுக்கும். வீட்டுக்கு வாங்குபவர்கள் பெரும்பாலும் '3018' வகையில் தொடங்குகிறார்கள். பெயரிலேயே அளவு இருக்கிறது: 30 செ.மீ.க்கு 18 செ.மீ. அதற்கு மேல் '6040'. கதவு செதுக்கும் பட்டறைகளில் நிற்பது '1325'. அதில் 8 அடிக்கு 4 அடி ஷீட் அப்படியே படுக்கும். 3018 ஒரு ஸ்கூட்டரைவிட மலிவு. 1325 வாங்கும் காசுக்கு ஒரு சின்ன கார் வாங்கலாம்.

ஒரு பிள்ளையாருக்கு ஐந்து மணி நேரம்

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 6040 மெஷினில், 30 செ.மீ.க்கு 30 செ.மீ. பலகையில் புடைப்புச் சிற்பம். முகம் வழவழப்பாக வர வேண்டுமானால் பிட் ஒவ்வொரு முறையும் 0.2 மி.மீ. மட்டுமே தள்ளிப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 300 மி.மீ. அகலத்துக்கு 1,500 ஓட்டங்கள். ஒவ்வொன்றும் 300 மி.மீ. மொத்தம் 450 மீட்டர். நிமிடத்துக்கு 1.5 மீட்டர் வேகத்தில் போனால் 300 நிமிடம், அதாவது ஐந்து மணி நேரம். மேலோட்டமாக மரத்தைக் குடைந்தெடுக்கும் முதல் கட்டம் இதில் சேரவில்லை.

இதே வேலையை நிமிடத்துக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடும் பட்டறை மெஷின் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடும். அதில் நான்கு தலைகள் இருந்தால் அதே ஒன்றரை மணியில் நான்கு பிள்ளையார்கள். வீட்டு மெஷினுக்கு அந்த நான்குக்கும் 20 மணி நேரம் ஆகும். பூஜை அறைக் கதவு, சாமி புடைப்பு, ஜாலி தடுப்பு ஆகியவற்றில் பட்டறையோடு விலையில் மோதினால் தோல்வி நிச்சயம் என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

அப்போ வீட்டு மெஷினுக்கு என்னதான் வேலை? பட்டறைக்காரர் எடுக்க விரும்பாத சின்ன ஆர்டர்கள். வீட்டுப் பெயர்ப் பலகை, கல்யாணத் தேதி போட்ட போட்டோ ஃபிரேம், குழந்தை பெயர் செதுக்கிய பென்சில் ஸ்டாண்ட், கிளினிக்குக்கும் வக்கீல் ஆபீஸுக்கும் போர்டு. ஒவ்வொன்றும் ஒரே ஒரு பீஸ், ஒவ்வொன்றுக்கும் தனி டிசைன். ஆழமாகக் குடைய வேண்டியதில்லை, 'வி' வடிவ பிட் கோட்டின் வழியே ஒருமுறை போனால் எழுத்து வந்துவிடும். ஐந்து மணி நேரம் அரை மணியாகக் குறைகிறது.

தமிழ் எழுத்தில் இருக்கிறது வாய்ப்பு

இந்த இடத்தில் தமிழ் தெரிந்தவருக்கு ஒரு சாதகம் உண்டு. செதுக்கும் மென்பொருள்கள் சிலவற்றில் தமிழை நேரடியாக டைப் செய்தால் 'கொ' உடைந்துபோகும், கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இன்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளில் யுனிகோட் எழுத்துருவில் டைப் செய்து, எழுத்தை வெறும் கோடுகளாக மாற்றி, அதைச் செதுக்கும் மென்பொருளுக்குக் கொண்டுபோனால் பிரச்சினை தீர்ந்தது. இது தெரியாமல் 'பொன்னி இல்லம்' என்பதைத் தப்பாகச் செதுக்கி, நல்ல தேக்கை விறகாக்குவது எளிது.

இன்னொன்று, 'ண'வின் சுழிகளும் 'ழ'வின் வளைவும். எழுத்து சின்னதாக இருந்தால் சுழிக்குள் இருக்கும் மரத் துணுக்கு பெயர்ந்து வந்துவிடும். ஆங்கிலப் பெயருக்குப் போதுமான உயரம் தமிழுக்குப் போதாது. மர இழையின் திசை, எழுத்துருவின் தடிமன், பிட்டின் முனை மூன்றையும் பார்த்துத்தான் அளவு சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் அனுப்பும் மெல்லிசான அலங்கார எழுத்துருவுக்கு 'இது மரத்துல நிக்காதுங்க' என்று சொல்லத் தெரிவதும் இந்தத் தொழிலின் பாதி.

விலை எப்படிப் போடுவது? பலரும் மரத்தின் விலையை எடுத்து இரண்டால் பெருக்கிச் சொல்லிவிடுகிறார்கள். மெஷினின் விலை உண்மையில் பெரிய செலவு இல்லை. 1,20,000 ரூபாய்க்கு வாங்கி, மூன்று வருடம், மாதம் 25 நாள், தினம் நான்கு மணி நேரம் ஓட்டினால் மணிக்குச் சுமார் 33 ரூபாய்தான். தினம் ஒரு மணி நேரம்தான் ஆர்டர் என்றால் அதுவே 133 ரூபாய். ஆனால் ஒரு பெயர்ப் பலகைக்கு டிசைன் பேசுவது, 'ஃபான்ட் மாத்துங்க' என்று மூன்று முறை திருத்துவது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, சீலர், பாலிஷ், பேக்கிங் என்று மனித நேரம் எளிதாக இரண்டு மணியைத் தாண்டும். விலையில் விட்டுப்போவது இந்த நேரம்தான். மெஷின் செதுக்கும்போது நீங்கள் வேறு வேலை பார்க்கலாம், தேய்க்கும்போது பார்க்க முடியாது.

உள்ளூர் ஆசாரியைப் பழக்கம் வைத்துக்கொள்வது விளம்பரத்தைவிட லாபம். எந்தப் பலகை நன்றாகக் காய்ந்தது, எது இரண்டு மாதத்தில் வளையும் என்பது அவருக்குத் தட்டிப் பார்த்தாலே தெரியும். ஆர்டரும் அவர் வழியாக வரும். தவிர, மூன்று திசையில் நகரும் மெஷின் மேலிருந்து மட்டுமே செதுக்கும். மூக்குக்கு அடியில், காதுக்குப் பின்னால் அதன் பிட் போகாது. அங்கே உளிதான். மெஷின் முக்கால்வாசி எடுத்து, கண்ணும் உதடும் கையால் முடித்த பீஸுக்கும், அப்படியே விட்ட பீஸுக்கும் வித்தியாசம் எட்டடி தூரத்திலேயே தெரியும். பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூர், சேலம் மாவட்டம் தம்மம்பட்டி ஆகிய ஊர்களின் கைச்செதுக்கு மரச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடே உண்டு. மெஷின் வேலையைக் 'கைவேலை' என்று விற்பது அவர்கள் சோற்றில் கைவைப்பது.

தூசு, சத்தம், கரண்ட்

ஃபிளாட்டில் வைக்கலாமா என்றால், கஷ்டம். ஸ்பிண்டில் சத்தத்தோடு தூசு இழுக்கும் வேக்குவம் சத்தமும் சேரும். ஆபீஸ் முடிந்து இரவு பத்து மணிக்கு ஓட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். தூசை இன்னும் சீரியஸாக எடுக்க வேண்டும். மரத்தூசை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. எம்டிஎஃப் பலகையில் பசையின் ஃபார்மால்டிஹைடும் சேர்கிறது. தூசு உறிஞ்சியும் என்95 மாஸ்க்கும் மெஷினோடு சேர்ந்த செலவு. குழந்தை தூங்கும் அறையை ஒட்டி மெஷின் வேண்டாம்.

நான்காவது மணி நேரத்தில் கரண்ட் போனால்? பல சின்ன மெஷின்கள் விட்ட இடத்தை நினைவில் வைத்திருக்காது. தொடக்கப் புள்ளியைப் பலகையில் குறித்து வைக்காவிட்டால் மரம் வீண். இன்னொரு விஷயம், வீட்டு மின் இணைப்பில் தொழில் நடத்துவது விதிமீறல். குடிசை, குறுந்தொழிலுக்குத் தனிக் கட்டண வகை இருக்கிறது, மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

கடன் வேண்டுவோர் முதலில் உத்யம் பதிவை முடிக்கலாம், அது இலவசம். பிஎம்இஜிபி திட்டத்தில் புதிய தொழிலுக்கு, இடத்தையும் பிரிவையும் பொறுத்து 15 முதல் 35 சதவீதம் வரை மானியம் உண்டு. ஜிஎஸ்டியில், பொருள் விற்பனை வருடத்துக்கு 40 லட்சம் தாண்டும்வரை பொதுவாகப் பதிவு தேவையில்லை. ஆனால் பெங்களூருவுக்கு ஒரு போர்டு அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனை, பதிவு வேண்டும். கைவினைப் பொருளுக்குத் தரும் விலக்கு பெரும்பாலும் கையால் செய்ததற்குத்தான், சிஎன்சி போர்டுக்குக் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

மெஷின் வாங்கும் முன் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. உங்கள் டிசைன் ஐந்தை ஜாப் ஒர்க் பட்டறையில் கொடுத்துச் செதுக்கி வாங்குங்கள். நீங்களே தேய்த்து, பாலிஷ் போட்டு, சொந்தக்காரர் அல்லாத ஐந்து பேருக்கு விற்றுப் பாருங்கள். பட்டறைக் கூலி போக ஏதாவது மிஞ்சுகிறதா, தேய்க்கும் வேலை உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், பென் டிரைவில் அதே டிசைனோடு மெஷின் விற்பவரிடம் போய், கண் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கன்ட்ரோலர் போர்டு எரிந்தால் உதிரி எந்த ஊரிலிருந்து, எத்தனை நாளில் வரும் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.