நாளை வரும் சிலைக்கு இடம் எங்கே?

சென்னை அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியபோது அதன் சொத்து, சென்னை இலக்கியச் சங்கம் கொடுத்த ஏறத்தாழ 1,100 நிலவியல் மாதிரிகள்தான். கல்லூரிச் சாலையில் இருந்த அந்தச் சேகரம் மூன்றே ஆண்டுகளில் எழும்பூர் பாந்தியன் வளாகத்துக்கு இடம் மாறியது. முதல் பொறுப்பாளரான மருத்துவர் எட்வர்டு பால்ஃபர் 1855இல் அங்கேயே விலங்குக் காட்சிசாலையும் தொடங்கினார். அது பின்னர் பீப்பிள்ஸ் பார்க்குக்கும், 1985இல் வண்டலூருக்கும் போனது. 1896இல் கன்னிமாரா நூலகம் எழுந்தது. 1909இல் ஹென்றி இர்வின் வடிவமைத்த விக்டோரியா நினைவு மண்டபம் திறக்கப்பட்டது. பிறகு செப்புத் திருமேனிகளுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனிக் கட்டடங்கள் வந்தன.

இன்று அந்த வளாகத்தில் பழைமையான கட்டடங்களை இடிக்கவும் கூடாது, அவற்றை நெருக்கிப் புதிதாகக் கட்டவும் கூடாது. சேகரமோ நிற்காமல் வளர்கிறது.

பள்ளிக்கூடத்தில் படித்து முடித்த பிள்ளை வெளியே போய்விடும். அருங்காட்சியகத்துக்குள் வந்த பொருள் போகாது. எங்கோ ஒரு கிராமத்தில் வீடு கட்ட வானம் தோண்டும்போது ஐம்பொன் சிலை கிடைத்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் போக வேண்டும். அப்படிக் கிடைத்தவை பல அருங்காட்சியகங்களுக்கே வந்து சேர்ந்திருக்கின்றன. இடமில்லை என்று அவற்றைத் திருப்பி அனுப்ப முடியாது.

வந்தவை எல்லாம் காட்சிக்கும் போவதில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 80 லட்சம் பொருள்கள் உள்ளன. பார்வைக்கு இருப்பவை சுமார் ஒரு விழுக்காடுதான். மிச்சமெல்லாம் இருப்பறைகளில் வாழ்கின்றன. உலகெங்கும் இருப்பில் உள்ள சேகரங்களில் 60 விழுக்காடு ஆபத்தில் இருப்பதாகப் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பான இக்ரோம் 2011இல் எச்சரித்தது. அந்த அமைப்பு வகுத்த அளவுகோல் எளிமையானது: எந்தப் பொருளும் வெறுந்தரையில் கிடக்கக் கூடாது, தேவைப்படும் பொருளை மூன்று நிமிடத்தில் கண்டுபிடித்து, வேறு இரண்டு பொருள்களுக்கு மேல் நகர்த்தாமல் எடுக்க முடிய வேண்டும்.

நெதர்லாந்தின் ராட்டர்டாமில் உள்ள பாய்மன்ஸ் அருங்காட்சியகத்தின் நிலத்தடிக் காப்பறைகள் வெள்ள அபாயத்தில் இருந்தன. எனவே 1,51,000 பொருள்களுக்கென்றே தனிக் கட்டடம் எழுப்பி, 2021இல் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார்கள். 2015 வெள்ளத்தைக் கண்ட சென்னைக்கு அதில் பாடம் இருக்கிறது.

பாடம் எழும்பூரிலேயும் இருக்கிறது. அமராவதியின் அரிய சுண்ணாம்புக்கல் சிற்பங்களை 19ஆம் நூற்றாண்டில் அருங்காட்சியகச் சுவரோடு சேர்த்துப் பூசிப் பதித்துவிட்டார்கள். சுவரின் ஈரமும் உப்பும் கல்லில் ஏறின. கட்டியவர்களின் அக்கறையில் குறையில்லை. பிற்காலத்தில் அந்தச் சிற்பங்களை எடுக்கவும் நகர்த்தவும் வேண்டிவரும் என்பதைத்தான் அவர்கள் எண்ணவில்லை.

எனவே புதிய அருங்காட்சியகத்துக்கு வரைபடம் போடும் முன்பே காப்பாட்சியரும் பாதுகாப்பு வேதியியலாளரும் பொறியாளரோடு உட்கார வேண்டும். கற்சிலையின் எடையைத் தாங்கும் தளம் எது? செப்புத் திருமேனிகளைப் பச்சைக் களிம்பு அரிக்காதபடி ஈரப்பதம் எப்படிக் கட்டுப்படும்? இந்தக் களிம்பு நோய்க்கு மருந்து தேடித்தான் 1930இல் எழும்பூரில் வேதியியல் ஆய்வகமே தொடங்கப்பட்டது. ஆல்கஹாலில் ஊறும் உயிரின மாதிரிகள் தீப்பிடிக்கக்கூடியவை. அவற்றுக்குத் தனி அறை உண்டா? பூச்சியரித்த மரச்சிற்பம் வந்தால், மற்றவற்றோடு சேர்க்கும் முன் ஒதுக்கிவைக்க இடம் உண்டா? லாரி வந்து நிற்கவும் சிலையை இறக்கவும் வழி உண்டா?

கீழடியில் 2023இல் அருங்காட்சியகம் திறந்தோம். பெருமைப்பட வேண்டிய செயல். அகழாய்வு தொடரும் ஊரில் பொருளும் தொடர்ந்து வரும். இனி எந்த ஊரில் அருங்காட்சியகம் அறிவிக்கப்பட்டாலும், காட்சிக்கூடத்தின் பரப்போடு இருப்பறையின் பரப்பையும், அடுத்த 30 ஆண்டு விரிவாக்கத்துக்கு ஒதுக்கிய நிலத்தையும் அரசு சேர்த்தே அறிவிக்க வேண்டும். நிதி ஒதுக்கீட்டில் இருப்பறையே முதல் வரியாக இருக்கட்டும்.